ரஞ்சிதம் அம்மாள் கொடுக்க மறுத்த புத்தகங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு நான் திருவள்ளூர் கோர்ட்டு வளாகத்தில், ஒரு நிலத் தகராறின் தீர்ப்பைச் செய்தியாக அனுப்பக் காத்திருந்தேன். பொன்னேரியிலிருந்து வந்திருந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் கட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார். பத்தடி போய்த் திரும்பி வந்தார்.

“இன்னா சார், இங்க குந்திக்கினு கீறீங்க? கும்முடிப்பூண்டிக்குப் போகல?”

“அங்கே என்ன?”

“லைப்ரரி அம்மா பூட்டாங்க சார். நேத்து சாயங்காலம். பேப்பர்காரரு உங்களுக்கே தெரியாதா?”

எனக்குத் தெரியாது. தீர்ப்புக்கு நிற்காமல் ஊத்துக்கோட்டை வழியாகப் பஸ் பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு நாள் மூச்சுத் திணறலில் கிடந்து, மூன்றாம் நாள் காப்பி கேட்டு, அது ஆறுவதற்குள் போய்விட்டார் என்று அவருடைய தங்கை மகள் சொன்னாள். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரஞ்சிதம் அம்மாள், கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஓர் அறையில் வாடகை நூல் நிலையம் நடத்தி வந்தார். அறுபதுகளின் நடுவில் தொடங்கியது. முன்னறையில் நாவல்களும், பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த கட்டுகளும் இருக்கும். அவற்றை யார் கேட்டாலும் கொடுப்பார். உள்ளே கண்ணாடி பதித்த ஒரு பீரோ இருந்தது. பக்தி, யோகம், தியானம், மனோபலம், வாழ்க்கையில் முன்னேறும் வழிகள் என்று இருநூறு புத்தகங்கள் இருக்கும். அந்தப் பீரோவுக்கு மட்டும் பூட்டு உண்டு. சாவி அவர் இடுப்பில் இருக்கும்.

அந்தப் பூட்டு ஏன் என்று பழகிய ஓராண்டுக்குப் பிறகு கேட்டேன். அவருடைய கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். காய்ச்சலில் ஐந்தே நாளில் இறந்தார். துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றில் ஒன்று, இப்பிறவியின் துயரங்கள் முற்பிறவியில் நாம் செய்தவற்றின் பலன் என்று விரிவாக விளக்கியது. அதை ஓர் ஆண்டு படித்திருக்கிறார்.

“அது தப்பான பொஸ்தகம்னு சொல்லல சார். எங்க அக்காவுக்கு அதைப் படிச்சா அப்பிடி ஒரு ஆறுதல். எனக்கு அதைப் படிக்கப் படிக்க, அவரை நானே கொன்னுட்டா மாதிரி இருந்துச்சு. ஒரே பொஸ்தகந்தான். ஆளு வேற.”

பிறகு எப்படியோ அவர் கைக்கு ஒரு மெல்லிய வெளியீடு வந்தது. காலையில் எத்தனை மணிக்கு எழுவது, எப்போது குளிப்பது, எப்போது சாப்பிடுவது, சாப்பிட்ட பின் எவ்வளவு தூரம் நடப்பது என்று மட்டுமே சொன்ன புத்தகம். கடவுளைப் பற்றி ஒரு வரி இல்லை. அதில் சொன்னபடி எழுந்தார், குளித்தார், சாப்பிட்டார், நடந்தார். எட்டு மாதத்தில் கடை திறந்தார்.

பீரோவிலிருந்து புத்தகம் கேட்பவர்களை அவர் பெஞ்சில் உட்கார வைப்பார். விரும்பிய புத்தகத்தில் விரும்பிய இடத்தில் மூன்று பக்கம் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும் அதை வாங்கி மூடி வைத்துவிட்டு, மழையைப் பற்றியோ மீன் விலையைப் பற்றியோ கொஞ்ச நேரம் பேசுவார். பிறகு சட்டென்று ஒரு கேள்வி கேட்பார்: “இப்ப ஊட்டுக்குப் போனா மொதல்ல யாரான்ட பேசுவ? இன்னா பேசுவ?”

பெரிய விஷயம் எதையும் அவர் எதிர்பார்க்கவில்லை. ‘பொண்டாட்டிகிட்ட, இன்னிக்கு இன்னா கொழம்புன்னு கேப்பேன்’ என்று ஒருவர் சொன்னால் புத்தகம் கிடைக்கும். ‘யாரான்டயும் பேசமாட்டேன், தனியா குந்தி யோசிப்பேன்’ என்றால் கிடைக்காது. ‘எங்கப்பன் எப்பேர்ப்பட்ட அறிவிலின்னு எடுத்துச் சொல்வேன்’ என்றால் நிச்சயம் கிடைக்காது. “இதைப் படிச்சா உனக்கு ஊட்டு ஆளுங்க சின்னவங்களாத் தெரியறாங்க. வேற பாப்போம்” என்பார்.

ஒருமுறை நான் இருக்கும்போதே தாலுகா கச்சேரியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் வந்து, பிரம்மச்சரியத்தின் மேன்மை பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைக் கேட்டார்.

“கண்ணாலம் ஆய்டிச்சா?”

“ஆய்டிச்சிங்க.”

“எத்தினி நாளாச்சு?”

“நாப்பது நாளு.”

அம்மாள் பீரோவைப் பூட்டினார். “அந்தப் பொண்ணு என்னை வந்து அடிக்கும்பா. போ, போய் ரெண்டு மொழம் பூ வாங்கிக்கினு போ.”

நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். செய்தியைத் தந்தியில் அனுப்பும் நேரம் நெருங்கினால் எனக்கு நெஞ்சு படபடக்கும். மனோபலம் வளர்ப்பது பற்றிய ஒரு புத்தகத்தைக் கேட்டேன். மூன்று பக்கம் படித்தேன். வழக்கமான கேள்வி வந்தது. யாரிடமும் பேச நேரமில்லை, அதில் சொன்னபடி மறுநாளைக்கான வேலைகளைப் பட்டியல் போடப் போகிறேன் என்றேன். அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பழைய பக்திப் பாடல்கள் கொண்ட பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்.

“எனக்கு நம்பிக்கை கிடையாது அம்மா.”

“நம்பச் சொன்னேனா? வாய் விட்டுப் படிங்க. ஒரு அடி முடியற வரைக்கும் மூச்சு உடாதீங்க. உங்களுக்கு மூச்சுதான் பேஜாரு.”

படபடப்பு முழுதாகப் போகவில்லை என்பதையும் எழுத வேண்டும். பாதி குறைந்தது. நம்பிக்கை வரவில்லை. அந்தப் புத்தகம் இன்றும் என் மேசையில் இருக்கிறது.

இவ்வளவு உறுதியாகத் தேர்ந்தெடுப்பவர் கொடுத்த பின் நிம்மதியாக இருந்தாரா என்றால், இல்லை. பீரோவிலிருந்து ஒரு புத்தகம் வெளியே போன நாளில் அவருக்குச் சோறு இறங்காது. வாங்கிப் போனவரின் ஊர்க்காரர் யாராவது ஸ்டேஷனில் இறங்கினால் ஓடிப்போய், “அந்தாளு நல்லா கீறாரா? வேலைக்குப் போறாரா?” என்று விசாரிப்பார். எனக்கு அது அளவு மீறிய கவலையாகத் தோன்றியது. தேசப்பன் விஷயம் நடக்கும்வரை.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றி ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. தேசப்பன் ஆரம்பாக்கத்துக்காரர். நெல் வயலை விட்டு, தகடு வெட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்தவர். காலால் மிதித்தால் மேலிருந்து கத்தி இறங்கும் இயந்திரம் அவருடையது. தகட்டைப் பிடித்துக் கொடுக்கும் உதவியாள் மாசிலாமணி, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த மீனவர். ஒருநாள் மாசிலாமணி கையை எடுப்பதற்கு முன்னால் தேசப்பன் மிதித்துவிட்டார். மாசிலாமணிக்கு வலக்கையில் மூன்று விரல்கள் போயின. பட்டறை முதலாளிகள் இருவரையுமே கேள்வி கேட்கவில்லை. மாசிலாமணி குப்பத்துக்குத் திரும்பினார். தேசப்பனை வேறு இயந்திரத்துக்கு மாற்றினார்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை தேசப்பன் கடைக்கு வந்திருக்கிறார். மனசு அடங்குவதற்கு ஒரு புத்தகம் வேண்டும் என்றார். பீரோவில் அவரே ஒன்றைக் காட்டினார். பற்றுகளை ஒவ்வொன்றாக விட்டு விலகுவது பற்றிய புத்தகம், அட்டையில் ஒரு துறவியின் படம். அம்மாள் பெஞ்சைக் காட்டினார். அதற்குள் கூடூர் பாசஞ்சர் வரும் மணி அடித்துவிட்டது. அதை விட்டால் ஆரம்பாக்கத்துக்கு அப்போதைக்கு வண்டி இல்லை. “அடுத்த தபா ஒக்காந்து படிக்கிறேம்மா” என்று கெஞ்சினார். அந்த முகத்தைப் பார்த்து அம்மாள் கொடுத்துவிட்டார். மூன்று பக்கம் படிக்க வைக்கவில்லை. கேள்வியும் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை காலை, நான் கடையில் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வேகமாக உள்ளே வந்தார். தேசப்பனின் மனைவி அஞ்சலை. முந்தானையில் சுற்றியிருந்த புத்தகத்தை எடுத்து மேசைமேல் போட்டார்.

“இன்னா பொஸ்தகம்மா குடுத்த என் ஊட்டுக்காரருக்கு? பதினஞ்சு நாளா ஒரு வேளதான் துண்றாரு. பேசறதில்ல. புள்ள மடியில வந்து குந்துனா எடுத்து அந்தாண்ட வெக்கிறாரு. முந்தாநேத்து வேலைக்குன்னு போனவரு ஊடு வந்து சேரல. பட்றைல கேட்டா அங்கயும் வர்லன்றான். எங்கம்மா அவரு? சொல்லு!”

ரஞ்சிதம் அம்மாள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். கடைக் கதவைச் சாத்தினார். வேலை நேரத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

“சார், நீங்க தேடுற எடத்துக்கெல்லாம் நானும் வரேன்.”

ஒரு நிருபர் காணாமல் போனவரைத் தேடும் இடங்கள் எவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ரயில் பாதையில் வாரம் ஒருமுறையாவது ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்று ஒரு வரிச் செய்தி எழுதுபவன் நான். கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் விசாரித்தோம். எளாவூரில் ஸ்டேஷன் மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, முதல் நாள் தண்டவாளத்தில் ஒருவர் அடிபட்டதாகவும், உடலைப் பொன்னேரிக்கு எடுத்துப் போயிருப்பதாகவும் சொன்னார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். காக்கி நிஜார். தேசப்பனுக்கு வயது முப்பத்திரண்டு. பட்டறைக்குக் காக்கி நிஜார்தான் போடுவார்.

அஞ்சலையிடம் சொல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் போவதென்று முடிவு செய்தோம். பொன்னேரிக்குப் போகும் வழி முழுவதும் அம்மாள் புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டே வந்தார். சவக்கிடங்கு வாசலில், நீங்கள் வெளியே இருங்கள், நான் பார்த்து வருகிறேன் என்றேன்.

“நான் குடுத்த பொஸ்தகம். நாந்தான் பாக்கணும்.”

பார்த்தார். தேசப்பன் இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். நான் வாங்கி வந்த சோடாவைக் குடிக்கவில்லை. பிறகு சொன்னார்: “இல்லன்னு தெரிஞ்சதும் சந்தோசப்பட்டேன் சார். அவரும் யாரோ ஒருத்தி ஊட்டுக்காரருதானே.”

வெள்ளிக்கிழமை சூளூர்ப்பேட்டை வரை போய் வந்தோம். ஒரு தடயமும் இல்லை. சனிக்கிழமை காலை நான் கடைக்குப் போனபோது அம்மாளும் அஞ்சலையும் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்தப் புத்தகம்.

பட்டறைக்காரர்கள் கொண்டுபோகும் புத்தகங்களில் ஒரு விசேஷம் உண்டு. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் இயந்திர எண்ணெய் இருக்கும். புரட்டும் பக்கங்களின் ஓரத்தில் கட்டைவிரல் கறை விழும். அதைப் பார்த்தே யார் எதுவரை படித்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று அம்மாள் சொல்லிவிடுவார். வாடகைக்குத் தரும் புத்தகம் அழுக்காகிறது என்று வேறு எவரும் கோபித்துக்கொள்வார்கள். அவர் அதைப் படிப்பார். இரண்டு நாள் பதற்றத்தில் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவே அவருக்குத் தோன்றவில்லை.

முதல் நான்கு அத்தியாயங்களில் எல்லாப் பக்கங்களிலும் கறை இருந்தது. பிறகு குறைந்தது. கடைசிப் பகுதிக்கு முன்னால் ஒரு பக்கத்தின் ஓரம் மட்டும் கறுத்து, தாள் நைந்து போயிருந்தது. அதற்கப்புறம் சுத்தமான வெள்ளைத் தாள்.

“இந்த ஒரு பக்கத்தை மட்டும் இருபது தபா படிச்சிருக்காரு” என்றார் அம்மாள். பிறகு அதை வாய்விட்டுப் படித்தார். ஒருவன் தன் சுமையை இறக்கி வைக்கலாம். ஆனால் தன்னால் இன்னொருவன் தோளில் ஏறிய சுமையை விட்டு விலகினால் அது துறவாகாது, தப்பித்தலே ஆகும் என்ற பொருளில் ஒரு பத்தி இருந்தது.

“நானும் இந்தப் பொஸ்தகத்தை நாலு தபா படிச்சிருக்கேன். இந்த எடம் எனக்குப் படவே இல்ல சார்” என்றார். அஞ்சலை பக்கம் திரும்பினார். “அந்தக் கை போச்சே, அவரு ஊடு எங்க?”

மூவரும் பொன்னேரி போய், அங்கிருந்து பழவேற்காடு பஸ்ஸில் ஏறினோம். ஏரிக்கரையில் தோணிக்காரர் ஒருவர் எங்களை அந்தக் குப்பத்துக்கு அழைத்துப் போனார். தண்ணீர் இடுப்பளவுதான். கரைக்குக் கொஞ்ச தூரத்தில், இன்னொரு தோணியில் ஒருவர் நின்று கோலை ஊன்றித் தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். தோணி நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. அதில் கையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தவர் திட்டிக்கொண்டிருந்தார்.

“யோவ் இரும்படிக்கிறவனே! கோலை அப்பிடியா புடிப்பாங்க? எருமைய அடிக்கிறா மாதிரி அடிக்கிறியே! மீனு ஆந்திராவுக்கே ஓடிப்பூடும்யா!”

நின்றவர் தேசப்பன். தோல் வெயிலில் உரிந்திருந்தது.

அஞ்சலை தோணி நிற்பதற்கு முன்பே தண்ணீரில் இறங்கிவிட்டார். புடவையோடு நடந்து போய்க் கணவரின் சட்டையைப் பிடித்தார்.

“உசிரோட கீறன்னு ஒரு வரி எழுதிப் போட்றதுக்கு இன்னாய்யா? உன் கையா போச்சு?”

சொன்ன பிறகுதான் யார் எதிரில் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நான் மாசிலாமணியைப் பார்க்க முடியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசிலாமணிதான் முதலில் சிரித்தார்.

“நல்லா கேளு தங்கச்சி. இந்தாள நானா வரச் சொன்னேன்? வந்து அஞ்சு நாளாச்சு. வலை இழுக்கறேன், வலை இழுக்கறேன்றான். நேத்து எங்க மாமன் வலையையே கிழிச்சிட்டான். கூட்டிக்கினு போம்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்.”

தேசப்பன் அன்று எங்களோடு வரவில்லை. பிறகு வீடு திரும்பியும், அந்தப் பருவம் முடியும்வரை வாரத்தில் மூன்று நாள் பட்டறையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து வலை இழுத்தார். அதற்குள் மாசிலாமணி இடக்கையால் கோல் பிடிக்கப் பழகிக்கொண்டார். வீட்டில் ஏன் சொல்லாமல் வந்தீர்கள் என்று கேட்டேன். “சொன்னா அழுதுடுவேன் சார். அழுதா வரமாட்டேன்” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நான் சற்று உற்சாகமாகவே இருந்தேன். கடைசியில் அது அவருக்குப் பொருத்தமான புத்தகம்தான் போலிருக்கிறது என்று அம்மாளிடம் சொன்னேன். அவர் என்னை அப்படிப் பார்த்து அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

“பொஸ்தகம் காப்பாத்திச்சின்னு எழுதிடாதீங்க சார். அந்தப் பக்கம் வரைக்கும் அவரு படிச்சாரு. அதுக்கு முன்னாடியே மூடியிருந்தா? அஞ்சு நாளு அந்தப் பொண்ணு வயித்துல நெருப்பு. அது நான் வெச்சது.”

அவர் உயிரோடிருந்தவரை நான் இதை எழுதவில்லை.

அதற்குப் பிறகு பீரோப் புத்தகங்களுக்கென்று தனி நோட்டு ஒன்று போட்டார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே இரண்டு பெயர்கள். ஒன்று படிப்பவர். மற்றது, அவர் அதைப் படிக்கிறார் என்று தெரிந்த ஒருவர்: மனைவி, அண்ணன், ஒரே அறையில் தங்கும் நண்பர். அந்த இரண்டாவது ஆள் ஒருமுறை கடைக்கு வந்து முகம் காட்ட வேண்டும். “தனியா படிக்கலாம். தனியா இருந்து படிக்கக்கூடாது” என்பார். பட்டறை ஆட்கள் கேலி செய்தார்கள். “லைப்ரரிக்குக்கூட ஜாமீன் கேக்குதுப்பா இந்தம்மா” என்றார்கள். ஆனாலும் ஜாமீன்தாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை தங்கை மகள் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தாள். உங்களிடம் சேர்க்கச் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை என்றாள். புத்தகம் திரும்பி வராதவர்கள் மூன்று பேர். இருவர் உள்ளூர்; மறுநாளே போய்ப் பார்த்தேன், நன்றாக இருந்தார்கள். மூன்றாவது பெயர் எல்லம்மா, வள்ளூர். ஒரு மாதத்துக்கு முன் வாங்கியது. இரண்டாவது பெயருக்கான இடத்தில் அம்மாளின் கையெழுத்தில் ‘ரஞ்சிதம்’ என்று இருந்தது. அவர் தன் பெயரை எழுதியிருந்த இடம் நோட்டு முழுவதிலும் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை அத்திப்பட்டில் இறங்கி வள்ளூருக்கு நடந்தேன். வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டேன். மகன் போன வருஷம் தவறிவிட்டான், தனியாகத்தான் இருக்கிறாள், இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை என்றார்கள். எதிர் வீட்டு வாசலில் நின்றேன். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். நெஞ்சு படபடத்தது, மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. எளாவூர், பொன்னேரி என்று யாரிடமெல்லாம் விசாரிக்க வேண்டும் என மனம் வரிசை போட்டுக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு ஒரு பெண் தலையில் விறகுக் கட்டோடு தெருமுனையில் திரும்பினார். தங்கை வீட்டுக்குப் போயிருந்தாராம். பூட்டைத் திறந்துகொண்டே கேட்டார்: “யாருங்க? லைப்ரரி அம்மா அனுப்பினாங்களா? போன வாரமே வந்து பாக்கறேன்னாங்க, வரல.”

“ஆமாம். அவர்தான் அனுப்பினார்” என்றேன். பிறகு மற்றதைச் சொன்னேன்.

அவர் விறகுக் கட்டை இறக்கவில்லை. பிறகு அதை வாசலில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். “பாதிதாங்க ஆயிருக்குது. குடுத்துடணுமா?”

“வேண்டாம். படியுங்கள். வருகிற வியாழக்கிழமை நான் வருகிறேன்.”

அம்மா, நோட்டில் உங்கள் பெயரை நான் அடிக்கவில்லை. அதற்குக் கீழே இடம் இருந்தது. என் பெயரை எழுதியிருக்கிறேன். எல்லம்மா நன்றாக இருக்கிறார். சாயங்காலம் அடுப்பு மூட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன். நீங்கள் போய் வாருங்கள்.